கறிவேப்பிலை முதல் சுரபுன்னை வரை... காவிரிக் கடைமடையில் பெயர் வாங்கிய செடிகள்!

ரசம் இறக்கும் நேரத்தில் எண்ணெயில் ஒரு கொத்து கறிவேப்பிலையை உருவிப் போட்டதும் ‘சடசட’வென்று ஒரு சத்தம் வருமே... அந்தக் கறிவேப்பிலைக்குத் தாவரவியல் புத்தகங்களில் ‘முர்ரயா கோனிகி’ என்று பெயர். உலகத்தில் எந்த நாட்டு ஆய்வாளரிடம் சொன்னாலும் இந்தப் பெயர் புரியும். இதில் வரும் ‘கோனிகி’ ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக். வேலை பார்த்த ஊர், மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடக்கூடிய தரங்கம்பாடி.

‘புதிய தாவர இனம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான் வரும். நீலகிரி, ஆனைமலை, அகத்தியமலை என்று மழைக்காடுகளின் பெயராகவே இருக்கும். தஞ்சாவூர் டெல்டாவிலிருந்து அப்படி ஒரு செய்தியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கரிகாலன் காலத்திலிருந்து உழுத மண். வரப்பு, வாய்க்கால், குளக்கரை என்று ஓர் அடி விடாமல் மனிதக் கால் பட்ட பூமி. இங்கே புதிதாக என்ன செடி முளைத்துவிடப்போகிறது?

ஆனால், இந்தியத் தாவரங்கள் நவீன அறிவியல் முறைப்படி பெயர் வாங்கிய கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று இதே கடைமடையில்தான் எழுதப்பட்டது. அதே டெல்டாவின் வடக்கு ஓரத்தில், 1995-ல்கூட ஒரு மரம் புதுப் பெயர் வாங்கியது.

செடிக்கும் ஒரு தாய்ப்பத்திரம்

முதலில், ‘புதிய இனம்’ என்றால் என்ன? கறிவேப்பிலையைக் கோனிக் வந்துதான் நம் ஊர் அடுப்படிக்குக் காட்டினார் என்று அர்த்தமில்லை. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கு முன்பே அது இங்கே தாளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த செடி, அறிவியல் பதிவேட்டில் முதன்முறையாக ஏறினாலும் அது ‘புதிய இனம்’தான். இந்த வார்த்தையில் இருக்கும் அதிகாரம் கொஞ்சம் உறுத்தலாம். உறுத்த வேண்டியதுதான்.

பதிவேட்டில் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பூவும் காயுமாக ஒரு கிளையை வெட்டி, தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். பிறகு கெட்டி அட்டைத் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்று எழுதி உலர்தாவரக் காப்பகத்தில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் துணியே காயாது. அன்றைக்கு ஒரு செடியைப் பூஞ்சணம் பிடிக்காமல் காயவைத்தவர்களுடைய பொறுமையைத் தனியாகப் பாராட்டலாம்.

அந்தச் செடி இதுவரை பெயர் வாங்கிய எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று நிரூபித்து, விளக்கக் குறிப்போடு அச்சில் வெளியிட்டால்தான் பெயர் செல்லும். 1935 முதல் 2011 வரை அந்தக் குறிப்பு லத்தீனில் இருந்தாக வேண்டும் என்று விதியே இருந்தது. 2012-லிருந்துதான் ஆங்கிலமும் போதும் என்றானது. பெயருக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அந்த உலர்ந்த மாதிரி, நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் மாதிரி. பின்னாளில் எந்தச் சந்தேகம் வந்தாலும், எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

டெல்டாவின் பழைய தாய்ப்பத்திரங்களில் பல இன்றைக்கு இருப்பது கோபன்ஹேகனிலும் லண்டனிலும்.

கோட்டைக்குள் ஒரு தோட்டக்காரக் கூட்டம்

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டென்மார்க்காரர்கள் ஒப்பந்தம் போட்டு, தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் தமிழ் படித்ததும் அச்சுக்கூடம் வைத்ததும் பள்ளிப் பாடத்திலேயே வரும் கதை. அவ்வளவாக வெளியே தெரியாதது, அதே ஊரில் அறுபது வருடங்கள் கழித்து நடந்த செடி வேட்டை.

கோனிக், பால்டிக் கடலோரத்தில் இன்றைய லாட்வியா பக்கம் 1728-ல் பிறந்தவர். உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர். இந்தியாவுக்கு வருவதற்கு முன் ஐஸ்லாந்துக்குப் போய் அங்கே செடி சேகரித்தார். அப்படிக் கிடைத்த, குளிர்ப் பிரதேசத்தில் வளரும் ஒரு குட்டிச் செடிக்கு ‘கோனிகியா’ என்று குருநாதர் பெயர் வைத்தார். பிறகு 1768-ல் கோனிக் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1771-ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் கறிவேப்பிலை ‘பெர்கெரா கோனிகி’ என்று இடம்பிடித்தது. பின்னர் வந்தவர்கள் அதை ‘முர்ரயா’ குடும்ப வரிசைக்கு மாற்றினார்கள். இப்போது மரபணுவைப் பார்த்துவிட்டு, ‘பழைய பெர்கெராவே சரி’ என்கிறார்கள். முன்பாதி எத்தனை முறை மாறினாலும் ‘கோனிகி’ மட்டும் மாறவில்லை. ஐஸ்லாந்துக் குளிரில் ஒரு செடி, தஞ்சாவூர்க் கொல்லையில் ஒரு செடி... இரண்டிலும் ஒரே ஆளின் பெயர்!

தரங்கம்பாடியில் கிடைத்த சம்பளம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனார். சயாம், மலாக்கா வரைக்கும் சுற்றினார். 1785-ல் காக்கிநாடா பக்கம் இறந்தார். ‘இந்தியத் தாவரவியலின் தந்தை’ என்று சொல்லப்படும் ராக்ஸ்பரோ அப்போது அந்தப் பகுதியில் இருந்தவர். கோனிக்கிடம் நிறையக் கற்றுக்கொண்டவர்.

கோனிக் போனாலும் தரங்கம்பாடியில் செடி ஆசை போகவில்லை. பாதிரியார்கள் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், ராட்லர், மருத்துவர் க்ளைன், ஹெய்ன் என்று ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. தங்களை ‘ஒன்றுபட்ட சகோதரர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். கிடைத்த செடிக்குச் சேர்ந்து பெயர் வைத்து, அதன் பக்கத்தில் ‘நோபிஸ்’ என்று லத்தீனில் ஒரு சொல் எழுதுவார்கள். ‘நம்மால்’ என்று பொருள். பெருமையைத் தனி ஆளாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அழகான வழக்கம்தான். ஆனால், கப்பலில் ஏறி ஐரோப்பா போன அந்தத் தாள்களைப் பார்த்து அச்சில் வெளியிட்டவர்கள் கோபன்ஹேகன், பெர்லின், லுண்ட் நகரப் பேராசிரியர்கள். பல செடிகளின் பெயருக்குப் பின்னால் இன்று நிற்பது அவர்களுடைய பெயர்தான். ‘நம்மால்’ அங்கேயே கரைந்துவிட்டது. ‘ஐயா, இது இன்ன செடி, இன்னதுக்கு ஆகும்’ என்று வரப்பில் நின்று காட்டிக் கொடுத்த உள்ளூர்க்காரர்களுக்கோ, கரைவதற்கும் பெயர் இல்லை.

ஊரின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சளி, இருமலுக்கு வீட்டு வைத்தியத்தில் பயன்படும் தவசி முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்ட வட்டமாகச் சின்ன இலைகள் கொண்ட சிறு செடி. பெயரில் முருங்கை இருந்தாலும் முருங்கைக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆடாதோடைக்குப் பங்காளி. இதன் அறிவியல் பெயர் ‘ஜஸ்டீசியா ட்ராங்குபாரியென்சிஸ்’. ‘ட்ராங்குபார்’ என்பது ஐரோப்பியர்கள் வாயில் தரங்கம்பாடி பட்ட பாடு. லின்னேயஸின் மகன் வைத்த பெயர் இது.

அகராதி எழுதிய செடிக்காரர்

அந்தக் கூட்டத்தில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர் ராட்லர். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1836-ல் சென்னையில் இறக்கும்வரை ஏறக்குறைய அறுபது வருடங்களைத் தமிழ்நாட்டிலேயே கழித்தார். பழைய தமிழ் - ஆங்கில அகராதிகளைப் புரட்டுகிறவர்களுக்கு இவருடைய பெயர் தெரியும். 1834-ல் முதல் பகுதி வெளியான அந்தப் பெரிய அகராதி, அவர் இறந்த பிறகு மற்றவர்கள் கைபட்டு 1841-ல்தான் முடிந்தது. சொல்லைச் சேகரித்த அதே கைதான் செடியையும் சேகரித்தது.

1799-1800-ல் ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினார். வழியில் பார்த்த செடிகளையெல்லாம் ஜெர்மன் மொழியில் குறித்துவைத்தார். பெர்லின் பேராசிரியர் வில்டெனோவின் குறிப்புகளோடு 1803-ல் அது அச்சாகியது. இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை நாளில் முடிந்துபோகும் பயணத்தை, ஒவ்வொரு செடிக்கும் நின்று நின்று போன ஒருவரின் பதிவு அது. அவருடைய உலர்தாவரத் தாள்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், பிறகு கியூ தோட்டத்துக் காப்பகத்தில் சேர்ந்தன.

அந்த ஜெர்மன் குறிப்பைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ராட்லர் போன வழியை வரைபடமாகவும் போட்டு 1993-ல் வெளியிட்டவர் திருச்சிக்காரர். புனித வளனார் கல்லூரியின் ரப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை 1967-ல் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ. கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவில் இருக்கும் தமிழ்நாட்டுச் சமவெளியில் என்னென்ன தாவரங்கள் உள்ளன என்று தன் மாணவர்களோடு அலைந்து அவர் எழுதிய தொகுதிகள் 1980-களில் வெளியாகின. டெல்டாவில் ஒரு செடியைப் பார்த்து, ‘இது என்ன?’ என்று கேட்கும் தாவரவியல் மாணவர்கள் இன்றும் முதலில் திறப்பது அந்தத் தொகுதிகளைத்தான். டெல்டாவின் செடிக்குச் சாட்சி சொல்ல டெல்டாவுக்கு வாசற்படி தூரத்திலேயே ஒரு காப்பகம் வந்தது அப்போதுதான்.

ராட்லரும் அவருடைய கூட்டமும் இவ்வளவு தேடிய பிறகு, மேத்யூவும் மாணவர்களும் மறுபடி சல்லடை போட்ட பிறகு, இங்கே மிச்சம் என்ன இருக்கும்? தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போகிறவர் கொள்ளிடத்தையும் வெள்ளாற்றையும் தாண்டாமல் போக முடியாது. அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், கடலை ஒட்டி ஒரு காடு இருக்கிறது.

பிச்சாவரத்தில் ஒரு பெருக்கல் குறி

எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’யில் பார்த்த காடு என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் காவிரியின் கிளையான கொள்ளிடமும் கடலில் சேரும் இடத்தில் கிடக்கும் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் ‘தில்லை’ என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரத்தைக் காட்டில் வளர்ந்தபடி பார்க்க வேண்டுமானாலும் இங்கேதான் வர வேண்டும். அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

படகில் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சுரபுன்னையோடுதான். தண்ணீருக்குள் வில்லாக வளைந்து இறங்கும் முட்டுவேர்களோடு நிற்குமே, அதுதான். ‘ரைசோஃபோரா’ இனம். இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். பிறகு சேற்றில் விழுந்து வேர்விடும். இல்லையென்றால் தண்ணீரில் மிதந்து போய் வேறு இடத்தில் கால் ஊன்றும். பிச்சாவரத்தில் இதில் இரண்டு வகைகள் உண்டு: ‘அபிகுலேட்டா’, ‘முக்ரோனேட்டா’. சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இரண்டிலும் சேராத மரங்கள் சில இருப்பதைக் கவனித்து, 1995-ல் அதைப் புதிய இனமாக அறிவித்தார் பேராசிரியர் க.கதிரேசன். பிச்சாவரத்துக்குப் பக்கத்திலேயே, பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர். தன் பல்கலைக்கழகத்தின் பெயரையே மரத்துக்கும் வைத்தார்: ‘ரைசோஃபோரா அண்ணாமலயானா’.

கதை அதோடு முடியவில்லை. சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் பிச்சாவரத்து மரத்தின் மரபணுவை எடுத்து, பெற்றோர் யார் என்று தேடினார்கள். 1997-ல் வந்த முடிவு, அபிகுலேட்டாவும் முக்ரோனேட்டாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த பிள்ளை இது என்றது. 1999-ல் கதிரேசனே அதைக் கலப்பினமாக மறுபடி பதிவு செய்தார். அதனால் இந்த மரத்தின் முறையான பெயரை எழுதும்போது நடுவில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ‘அப்போ அது கண்டுபிடிப்பே இல்லையா?’ என்று கேட்கத் தோன்றும். முதல் ஆள் ‘இது வேற மாதிரி இருக்கே’ என்று நின்று பார்த்திருக்காவிட்டால், மரபணு பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. தன் முடிவைத் திருத்தி எழுதுவதும் அறிவியலில் வேலையின் பாதி.

அதற்குப் பிறகு இதே கலப்பினம் அந்தமானிலும் தென்கிழக்கு ஆசியக் கரைகளிலும் இருப்பதாகப் பதிவுகள் வந்தன. உலகத்தில் வேறு எங்கு வளர்ந்தாலும் இந்த மரம் சுமப்பது சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான். இருநூறு வருடங்களுக்கு முன் தரங்கம்பாடிச் செடிகளுக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை ஊர்க்காரரே வைத்துவிட்டார்.

உப்பு ஏறும் காடு

பெயர் கிடைத்துவிட்டது. மரம் பிழைக்குமா என்பது வேறு கேள்வி. இப்படிக் கலப்பில் பிறந்த சுரபுன்னை மரங்கள் பூத்தாலும், விதை பிடிப்பது அரிது. நர்சரியில் விதை போட்டுப் பெருக்கிவிடலாம் என்று எளிதாக நினைக்க முடியாது. அம்மா மரமும் அப்பா மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே சமயத்தில் பூத்து, மகரந்தம் மாறினால்தான் புதிதாக ஒன்று பிறக்கும். ஆக, இந்த மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் பெற்றோரையும், அவை நிற்கும் சேற்றையும், அந்தச் சேற்றுக்கு வரும் தண்ணீரையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

அலையாத்திக் காடு என்றால் கடல் தண்ணீரிலேயே வாழும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஆற்றின் நல்ல தண்ணீரும் வேண்டும். இரண்டும் கலக்கும் இடம்தான் அதன் வீடு. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, காவிரித் தண்ணீர் கடலைத் தொடுவது வெள்ள நாட்களின் விஷயமாகச் சுருங்கியது. வெண்கண்டல் அதிக உப்பைத் தாங்கும். சுரபுன்னையால் அவ்வளவு முடியாது. அதனால்தான் அது கால்வாய் ஓரங்களில் தண்ணீரை ஒட்டியே நிற்கிறது, வெண்கண்டல் உள்ளே தள்ளி நிற்கிறது. உப்பு ஏற ஏற, முதலில் இடம் இழப்பது சுரபுன்னைதான்.

இன்னொரு பழைய தவறும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக மரம் வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து உள்வாங்கியது. தட்டு மாதிரி பள்ளமான இடத்தில் கடல் தண்ணீர் ஏறி, திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கியது ஆவியானது, உப்பு மட்டும் மிஞ்சியது. விதை விழுந்தாலும் முளைக்காது. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வடியும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போனது. வயலுக்குத் தண்ணீர் கட்டி வடிக்கத் தெரிந்த டெல்டாக்காரர்களுக்குப் புரியாத நுட்பம் இல்லை இது. மொட்டையாகக் கிடந்த இடங்களில் காடு திரும்பி வந்தது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இடம் கிடைத்தாலும், கொள்ளிடத்தில் தண்ணீர் வருவது மழையையும் அணைக் கணக்கையும் பொறுத்ததுதான்.

டெல்டாவின் தெற்கு ஓரத்திலும் இதே கவலை வேறு உருவத்தில் இருக்கிறது. முத்துப்பேட்டையில் காடு பெரிது. ஆனால் பெரும்பகுதி வெண்கண்டல் மட்டும்தான். கோடியக்கரையில் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக்காடு. அந்தப் பாலை மரத்துக்கும் அறிவியல் பெயர் கொடுத்தவர், கோனிக்கிடம் கற்ற அதே ராக்ஸ்பரோ. 2018 நவம்பரில் கஜா புயல் இரண்டு காடுகளையும் முறித்துப்போட்டது. கோடியக்கரையில் சீமைக் கருவேலம் வேறு இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயல்களிலோ களை பறிக்க ஆள் கிடைக்காமல் களைக்கொல்லி தெளிப்பது வழக்கமாகிவிட்டது. வரப்போரத்தில் நிற்கும் சின்னச் செடியை யாராவது குனிந்து பார்த்து, ‘இது வேற மாதிரி இருக்கே’ என்று சொல்வதற்குள் அது கருகிவிடுகிறது.

பிச்சாவரம் போகிறவர்கள் மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏறினால், குறுகலான கால்வாய்களுக்குள் போகலாம். சுரபுன்னைப் பூவைக் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். இலைகளுக்குக் கீழே, வெறும் கிளையில், குட்டையான காம்பில் இரண்டே பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்து, இதழில் முடி இல்லையென்றால் அபிகுலேட்டா. இலைக்கணுவிலிருந்து நீளமான காம்பில் நான்குக்கு மேலும் பூக்கள் தொங்கி, இதழின் ஓரம் பஞ்சு மாதிரி முடியோடு இருந்தால் முக்ரோனேட்டா. இதன் இலையும் அகலமாக இருக்கும். காம்பு நடுத்தரமாக, இலையும் நடுத்தரமாக, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஒரு மரம் கண்ணில் பட்டால், படகை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பறிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.